மௌனம் யாருடைய சம்மதம்?

வலை விரித்த வணிகம் – 9

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தன்னைப் பார்ப்பவர் யாரென்று அந்த விளம்பரத்துக்குத் தெரியாது. பத்திரிகையின் பின்னட்டையை விற்பதுபோல ஒரு பக்கத்தின் மேற்பகுதியை விற்றார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதினான்கு நாள் முன்னால், அக்டோபர் 13 அன்று, நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் சோதனைப் பதிப்பை வெளியிட்டிருந்தது. அதற்குள் குக்கீ என்றொரு சிறு வசதி இருந்தது. பயன்படுத்துகிறவர்களிடம் அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தனித்தனியே பிறந்த இந்த இரண்டும் எப்படிக் கூட்டுச் சேர்ந்தன என்பதைப் பேராசையின் கதையாகச் சொல்லலாம், சட்டத்தின் தோல்வியாகவும் சொல்லலாம். இரண்டும் நிறையச் சொல்லியாகிவிட்டது. என் கட்சி வேறு. இணைய விளம்பரத்தில் எது முறை, எது முறையல்ல என்பது பெரும்பாலும் மென்பொருள்காரர்கள் 'டீஃபால்ட்' என்று சொல்லும் இடத்தில்தான் முடிவானது. நாம் எதையும் தொடாமல் விட்டால் கருவி தானாக என்ன செய்யும் என்பதே டீஃபால்ட். அதைத் தொடாமல் விட்டதை நம் சம்மதமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில், முப்பது ஆண்டுகளாக ஒரே தரப்பார் தங்கள் வசதிக்கு ஏற்ப இரண்டு விதமாகப் பேசி வந்திருக்கிறார்கள்.

வலையின் அடிப்படை நெறிமுறை சரியான மறதிக்காரன். ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் கொடுக்கும்; அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, சற்று முன் கேட்டவரும் இவர்தான் என்பது அதற்குத் தெரியாது. கட்டுரை படிக்க இது போதும், கடை நடத்தப் போதாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த அலமாரிக்குப் போவதற்குள் கூடை காலியாகிவிடும். எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் இணையக் கடை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது இந்தச் சிக்கல் எழுந்தது. பாதியில் நிற்கும் வியாபாரங்களின் கணக்கைத் தன் சர்வரில் சுமக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. இருபதுகளில் இருந்த பொறியாளர் லூ மான்டுல்லி, யூனிக்ஸ் நிரலாளர்கள் 'மேஜிக் குக்கீ' என்று வழங்கிவந்த பழைய உத்தியை எடுத்துக்கொண்டார். நம் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். டோக்கனில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர் அதைக் கொடுத்தவர் மட்டுமே. நாம் சட்டைப் பையில் சுமந்து திரும்பக் காட்டுகிறோம், அவர் சைக்கிளை எடுத்துத் தருகிறார். ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது இதைவிட எளிது. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் அந்த ஒரே எண்ணை வைத்து ஒருவரைத் தொடர முடியும் என்பதாலேயே மான்டுல்லி அதை ஒதுக்கினார். டோக்கன் கொடுத்த தளத்திடம் மட்டுமே அதைத் திருப்பிக் காட்டலாம் என்று விதி வைத்தார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தனியுரிமை என்ற எண்ணமே தோன்றாத ஒருவர் கையில் பிறந்ததல்ல குக்கீ.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் வரும் படங்கள் எல்லாம் அதே சர்வரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. விளம்பரப் படம் வேறொரு சர்வரிலிருந்து வந்தால், அந்த சர்வரும் பிரவுசருக்கு ஒரு டோக்கன் கொடுக்கலாம். ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் ஓரமாக ஸ்டூல் போட்டு ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மருந்துக்கடையில் அவர் கொடுத்த டோக்கனை மாலையில் புத்தகக்கடையில் அவரிடமே காட்டுகிறோம். காட்டுகிறோம் என்பதுகூட நமக்குத் தெரியாது, சட்டைப் பை தானாகக் காட்டிவிடுகிறது. விதி மீறப்படவில்லை. கொடுத்தவரிடம்தான் டோக்கன் திரும்புகிறது. ஆனால் விதி எதைத் தடுக்க எழுதப்பட்டதோ அதுவே நடந்துவிடுகிறது. கெவின் ஓ'கானரும் டுவைட் மெரிமனும் தொடங்கி, 1996இல் நியூயார்க்கில் கடை விரித்த டபுள்கிளிக் நிறுவனம் இந்த ஸ்டூலைத்தான் தொழிலாக்கியது. பல தளங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விளம்பரம் அனுப்பியதால், பல தளங்களிலும் உலவுகிற ஒரே ஆளை அதனால் அடையாளம் காண முடிந்தது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்தே நடந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு, பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் மான்டுல்லியும் சேர்ந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 2109 என்ற ஆவணத்தை 1997 பிப்ரவரியில் வெளியிட்டது. பயனர் தானாகத் தேடிப் போகாத மூன்றாம் சர்வர்களின் குக்கீகளை பிரவுசர் ஏற்கக்கூடாது. ஏற்கும் வசதியை வைத்தாலும், டீஃபால்ட்டாக அது அணைந்திருக்கவேண்டும் என்று அது சொன்னது. விளம்பர நிறுவனங்கள் கொதித்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தவில்லை. 2000 அக்டோபரில் வந்த திருத்திய ஆவணத்துக்கும் அதே கதிதான். கடைசியில் 2011இல் வந்த ஆர்.எஃப்.சி. 6265, பிரவுசர்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தனவோ அதை எழுதி வைத்ததோடு நின்றது. மான்டுல்லியின் பெயர் இந்த வரலாற்றில் இரண்டு பக்கமும் இருப்பதைக் கவனிக்கவேண்டும்: மூன்றாம் சர்வர் குக்கீ டீஃபால்ட்டாகக் கூடாது என்ற ஆவணத்திலும் அவர் பெயர் இருக்கிறது, அதை டீஃபால்ட்டாக அனுமதித்த பிரவுசரிலும் அவர் கை இருக்கிறது.

அவர் பின்னாளில் சொன்ன நியாயம் அற்பமானதல்ல. குக்கீயைத் தடுத்தால் விளம்பரக்காரர்கள் வேறு மறைவான வழிகளைக் கண்டுபிடிப்பார்கள். குக்கீயாவது கண்ணுக்குத் தெரியும், பயனர் விரும்பினால் அழிக்கலாம், பிரவுசர் அதைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. திருடன் கொல்லைப்புறமாக வருவான் என்று பயந்து வாசலைத் திறந்து வைப்பது என்று இதைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய விரும்பவில்லை, ஏனென்றால் அவர் பயந்தது நடந்தது. திரையின் அளவு, எழுத்துருக்கள், பிரவுசர் பதிப்பு போன்றவற்றைக் கூட்டிச் சேர்த்து ஒருவரை அடையாளம் காணும் 'கைரேகை' முறை பின்னால் வரவே செய்தது. ஆனால் அது குக்கீ தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே வந்தது. வாசல் திறந்திருந்தும் கொல்லைப்புறக் கதவு உடைபட்டது என்றால், வாசலைத் திறந்து வைத்ததற்கு அந்தக் காரணம் போதாது. தவிர, கண்ணுக்குத் தெரிகிற முறையைத் தேர்வதும், அந்த முறையை ஆரம்பத்திலேயே திறந்து வைப்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முதல் முடிவுக்கான நியாயம் இரண்டாவதைத் தாங்காது.

'வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாமே' என்பது அடுத்த வாதம். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4இல், பக்கத்தைத் தரும் சர்வரின் குக்கீயை மட்டும் ஏற்கும் தேர்வு இருந்தது உண்மைதான். விருப்பங்கள் பகுதிக்குள் போய், அதற்குள் 'மேம்பட்டவை' என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்கும். எல்லாவற்றையும் ஏற்பதுதான் ஆரம்பத்தில் தேர்வாகி இருந்தது. டபுள்கிளிக்கும் விலகும் வழி வைத்திருந்தது: அதன் தளத்துக்குப் போய், 'இவரைத் தொடரவேண்டாம்' என்று சொல்லும் ஒரு குக்கீயை வாங்கிக்கொள்ளவேண்டும். இந்தத் துறையில் தானாக விளைந்த நகைச்சுவைகளில் இதற்கு ஈடு கிடையாது. குக்கீ வேண்டாம் என்று சொல்ல ஒரு குக்கீ வேண்டும். பின்தொடர்வது பிடிக்காமல் ஒருவர் எல்லாக் குக்கீகளையும் துடைத்தெடுத்தால், அவருடைய மறுப்பும் சேர்ந்து அழிந்துபோகும்.

இந்த ஏற்பாட்டின் முழு விலை 1999இல் தெரிந்தது. அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை டபுள்கிளிக் அந்த ஆண்டு ஜூனில் பேசி, நவம்பரில் சுமார் 170 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அபாகஸிடம் இருந்தது, தபால் கேட்டலாக் வழியே பொருள் வாங்கிய 8.8 கோடி அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, வாங்கிய பட்டியல். டோக்கன் எண்ணையும் வீட்டு முகவரியையும் சேர்த்துவிட்டால் அநாமதேயம் என்ற பேச்சு முடிந்தது. 2000 தொடக்கத்தில் தனியுரிமை அமைப்பு ஒன்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது, பத்திரிகைகள் எழுதின, பங்கு விலை ஆடியது. மார்ச் 2 அன்று ஓ'கானர், அரசும் தொழில்துறையும் தனியுரிமை நெறிகளை வகுக்காத நிலையில் பெயர்களை இணைக்கத் திட்டமிட்டது தவறு என்று அறிவித்துப் பின்வாங்கினார். 2001 மார்ச்சில் நியூயார்க் மத்திய நீதிமன்றம் பயனர்கள் தொடுத்த கூட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதன் தர்க்கம் நினைவில் வைக்கத் தக்கது: செய்தி போய்ச்சேர்ந்த இடம் இணையத்தளம், அந்தத் தளம் டபுள்கிளிக்குக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறது, ஆகவே ஒட்டுக்கேட்பு இல்லை. சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்பதுதான் அதன் சாரம்.

பொதுமக்களின் கோபத்தால் தடுக்கப்பட்ட அந்த இணைப்பு, கோபம் இல்லாத நாளில் நடந்தது. 2007 ஏப்ரலில் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வர்த்தக ஆணையம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதித்தது. 2008 மார்ச்சில் ஐரோப்பாவும் அனுமதித்தது. பயனர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் ஒழிய, டபுள்கிளிக் குக்கீத் தகவலைத் தனிப்பட்ட அடையாளத்தோடு சேர்க்கமாட்டோம் என்று கூகுளின் கொள்கை ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. 2016 கோடையில் அந்த வரி நீக்கப்பட்டது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களிடம் ஒப்புதல் கேட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்கு, சேர்ப்பதே டீஃபால்ட். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமை நிர்வாகியை மன்னிப்புத் தொனியில் பேசவைத்த காரியம், இப்போது ஓர் அமைப்புப் பக்கத்தின் ஆரம்ப நிலையாக வந்து உட்கார்ந்தது.

டீஃபால்ட்டை மறுபக்கம் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2003இல் வந்த ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் மூன்றாம் சர்வர் குக்கீகளை ஆரம்பத்திலேயே மறித்தது. வலை இடிந்து விழவில்லை. தங்கள் விளம்பரக் குக்கீயிலிருந்து விலகுவது எப்படி என்று விளக்கிய கூகுளின் உதவிப் பக்கம், சஃபாரி பயன்படுத்துகிறவர்களைப் பார்த்து, உங்கள் பிரவுசரின் டீஃபால்ட்டே போதும், தனியாக எதுவும் செய்யவேண்டாம் என்ற பொருளில் சொல்லியிருந்தது. அதாவது தொடாமல் விட்டதையே மறுப்பாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பயனர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் அந்தத் தளத்தின் குக்கீயை சஃபாரி ஏற்கும் என்றொரு விலக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தைப் பயனர் பெயரில் தானே அனுப்பிவிடும் நிரலைக் கூகுள் விளம்பரங்கள் கொண்டிருந்ததை, ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜோனதன் மேயர் 2012 பிப்ரவரியில் வெளிப்படுத்தினார். ஆகஸ்டில் வர்த்தக ஆணையம் 2.25 கோடி டாலர் அபராதம் விதித்தது. தன் ஆணையை மீறியதற்காக அதுவரை அது விதித்ததில் அதுவே பெரியது. தொகையை விட்டுவிடலாம், அந்த நிறுவனத்துக்கு அது சில மணி நேர வருமானம். அந்த நிரலை யாரோ ஒருவர் தட்டச்சு செய்திருக்கவேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து அனுமதித்திருக்கவேண்டும் என்பதுதான் யோசிக்கவைக்கிறது. அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏ.சி.எம். பிறர் தனியுரிமையை மதிக்கவேண்டும் என்று தன் ஒழுக்கநெறியில் எழுதியது 1992இல், குக்கீ பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே. நெறி எழுதப்படாததால் வந்த கேடல்ல இது.

இனி அந்த இரட்டைப் பேச்சுக்கு வருகிறேன். 'என்னைப் பின்தொடராதே' என்று பிரவுசரே ஒவ்வொரு தளத்திடமும் சொல்லிவிடும் 'டூ நாட் டிராக்' என்ற எளிய ஏற்பாட்டை 2010 டிசம்பரில் வர்த்தக ஆணையம் ஆதரித்தது. பிரவுசர்கள் ஒவ்வொன்றாக அதைச் சேர்த்துக்கொண்டன. 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் அதை டீஃபால்ட்டாகவே இயக்கிவைக்கப்போவதாக அறிவித்தது. விளம்பரத் துறை உடனே மறுத்தது: இது பயனர் எடுத்த முடிவல்ல, மென்பொருள் நிறுவனம் எடுத்த முடிவு, பயனர் தானாகத் தேர்ந்தெடுக்காத விருப்பத்தை நாங்கள் மதிக்கவேண்டியதில்லை. வலைத் தரங்களை வகுத்தவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங், அப்பாச்சி சர்வர் மென்பொருள் அந்த பிரவுசரின் வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் விடும்படி ஒரு திருத்தமே எழுதினார். அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை; டீஃபால்ட் என்பது மனிதரின் வாக்குமூலம் ஆகாதுதான். ஆனால் அதே தர்க்கத்தை 1994க்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? மூன்றாம் சர்வர் குக்கீயையும் எந்தப் பயனரும் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே தொடாமல் விட்டது சம்மதம். இங்கே தொடாமல் விட்டது ஒன்றுமே இல்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள் நம் ஊரில். ஒரே மனிதரின் மௌனம் ஒரு பக்கம் 'சரி' என்றும் மறுபக்கம் 'செல்லாது' என்றும் படிக்கப்பட்டது இந்த வியாபாரத்தில்தான். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் 'டூ நாட் டிராக்'குக்காக இருந்த பணிக்குழு 2019 ஜனவரியில் மூடப்பட்டது.

இத்தனைக்கும் மேலே நிற்கும் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு: பின்தொடர்தல் இல்லாவிட்டால் இலவச வலை இல்லை, செய்தி, மின்னஞ்சல், வரைபடம் எல்லாம் காசில்லாமல் கிடைப்பது இந்த வருமானத்தால்தான். இதற்கு வரலாற்றிடம் பாதி பதில் இருக்கிறது. 2000 அக்டோபரில் தொடங்கிய கூகுளின் ஆட்வேர்ட்ஸ், தேடுபவர் அந்த நொடியில் தட்டும் சொல்லை வைத்தே விளம்பரம் காட்டியது. குடை என்று தேடுபவரிடம் குடை விற்க அவருடைய சென்ற வாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தளம் தளமாகத் தொடர்ந்து ஆர்வங்களைக் கணிக்கும் விளம்பரத்துக்கு அந்த நிறுவனம் வந்தது 2009இல். அதற்குள் அது உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றாகியிருந்தது. நெதர்லாந்துப் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2020இன் தொடக்கத்தில் குக்கீ விளம்பரத்தை அறவே விட்டு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற விளம்பரத்துக்கு மாறியது. அடுத்த மாதங்களில் அதன் இணைய விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஆனால் பாதி பதில் என்று சொன்னது யோசித்துத்தான். பெரிய பார்வையாளர் கூட்டம் உள்ள பொது நிறுவனத்துக்கு முடிவது, நாளுக்கு நூறு பேர் வரும் சிறு தளத்துக்கும் முடியும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சிறு தளங்கள் நட்டப்படலாம். அப்படியானால் அந்த நட்டத்தைக் காட்டி வாசகரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்ததால் கேட்காமல் விட்டதுதான் நடந்தது.

கேட்டால் மறுப்பார்கள் என்பதற்கு 2021 ஏப்ரல் சாட்சி. ஐஃபோனில் ஒரு செயலி பிற செயலிகளிலும் தளங்களிலும் நம்மைத் தொடரவேண்டுமானால் முதலில் அனுமதி கேட்கவேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. அதனால் 2022இல் மட்டும் ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு வருவாய் இழப்பு வரலாம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் கணித்தது. கேள்வியைத் திருப்பிப் போட்டதற்கு இவ்வளவு விலை. ஆப்பிள் புனிதர் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அதற்கும் சொந்த விளம்பரத் தொழில் உண்டு, இந்த ஏற்பாட்டைச் செயல்படுத்திய விதத்துக்காக 2025 மார்ச்சில் பிரான்ஸின் போட்டி ஆணையம் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது. ஐரோப்பா போன பாதை வேறு. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்குத் தொழில்துறை கண்ட மாற்று, நாம் தினமும் தள்ளிவிடும் அந்த அறிவிப்புப் பட்டை: ஏற்க ஒரு தட்டு, மறுக்க நாலைந்து தட்டு. 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுக் காப்பு ஆணையம் இதற்காகவே கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. மௌனத்தைச் சம்மதமாக எண்ணக்கூடாது என்றால், சலிப்பைச் சம்மதமாக எண்ணிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் 2013இல் சஃபாரி வழியில் போகப் பார்த்து, விளம்பரத் துறையின் எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போட்டு, 2019 செப்டம்பரில்தான் பின்தொடரும் குக்கீகளை டீஃபால்ட்டாக மறித்தது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் சர்வர் குக்கீகளை முழுதாகவே மூடியது. மிச்சம் இருந்தது குரோம், உலகில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பிரவுசர். இரண்டே ஆண்டுகளில் இந்தக் குக்கீகளை ஒழித்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. 2021இல் தள்ளிப்போட்டது, 2022இல் தள்ளிப்போட்டது, 2024 ஏப்ரலில் மறுபடியும் தள்ளிப்போட்டது. இடையில் பிரிட்டனின் போட்டி ஆணையம் தலையிட்டது. குக்கீ ஒழிந்தால் போட்டி விளம்பர நிறுவனங்கள் முடமாகி கூகுளே மேலும் பலம் பெறும் என்ற அச்சம் அதற்கு இருந்தது, அது பொய்யான அச்சமும் அல்ல. 2024 ஜூலையில் கூகுள் ஒழிக்கும் திட்டத்தைக் கைவிட்டு, அதற்குப் பதிலாகப் பயனரிடமே ஒரு கேள்வி கேட்டு அவர் தேர்வுப்படி நடப்போம் என்றது. 2025 ஏப்ரலில் அந்தக் கேள்வியையும் கேட்கப்போவதில்லை என்று அறிவித்தது. வேண்டாதவர்கள் குரோமின் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமைப் பகுதியைத் திறந்து, அணைத்துக்கொள்ளலாம்.